‘பேறுகாலப் பேக்கேஜ்’ வாங்கும் முன் இதைப் படியுங்கள்: குமரி எல்லையிலிருந்து இங்கிலாந்து போகும் கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை

களியக்காவிளை முதல் மார்த்தாண்டம் வரை சாலையோரம் டிக்கெட், விசா, அட்டஸ்டேஷன் என்று பலகை மாட்டிய அலுவலகங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று, இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஒரு தம்பதிக்குக் கொடுத்த ரசீதை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம். பெண் நர்ஸ், அப்போது இரண்டாம் மாதம். கணவர் எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்திலுள்ள பாறசாலைக்காரர், கல்யாணம் நடந்ததும் பாறசாலையில்தான். “மோளே, ஒண்ணும் பயப்படாண்டாம். நீ அங்க போய் இறங்கினா போதும், பேறு முடியறது வரைக்கும் எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்” என்று சொல்லி 1,18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் ரசீதின் ஐந்து வரிகளும் இதே பாதையில் போகும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதல் வரி: மெட்டர்னிட்டி இன்சூரன்ஸ், 46,000 ரூபாய். கையில் கொடுத்த பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அது சாதாரண வெளிநாட்டுப் பயண இன்சூரன்ஸ். அதில் அச்சிட்டிருக்கும் பிரீமியம், வாங்கிய தொகையில் கால்பங்குகூட இல்லை. விதிவிலக்குகள் என்ற பக்கத்தில் கர்ப்பம், பிரசவம், அவற்றால் வரும் சிகிச்சை எதற்கும் பணம் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பயண இன்சூரன்ஸ் பொதுவாகவே அப்படித்தான். சிலவற்றில் குறிப்பிட்ட வாரம் வரை திடீர்ச் சிக்கலுக்கு மட்டும் கொஞ்சம் கொடுப்பார்கள், பிரசவச் செலவைத் தரமாட்டார்கள். ஊரில் எடுத்த மெடிக்கல் பாலிசியில் பேறுகாலப் பலன் இருந்தாலும் அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அது இந்திய மருத்துவமனைக்குத்தான்.

இதைவிட வருத்தமான விஷயம், அந்தப் பெண்ணுக்கு எந்த இன்சூரன்சும் தேவையே இல்லை என்பது. நர்ஸ் வேலைக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகிறவருக்கும் அவரோடு போகும் துணைக்கும் சுகாதாரக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசின் பொதுச் சுகாதாரச் சேவை) மருத்துவமனையில் பரிசோதனை, ஸ்கேன், பிரசவம், சிசேரியன் எல்லாம் கட்டணமில்லாமல் கிடைக்கும். மற்ற வேலை விசாக்களில் போகிறவர்கள் விண்ணப்பிக்கும்போதே பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 776 பவுண்டு கட்டிவிடுகிறார்கள் (2024 பிப்ரவரி முதல் உள்ள கட்டணம்). அந்தக் கட்டணத்துக்குள் பிரசவமும் அடக்கம். போன அன்றே கர்ப்பமாக இருந்தாலும் காத்திருப்புக் காலம் கிடையாது.

உண்மையில் பில் வருவது விசிட் விசாவில் போகிறவர்களுக்கு. ‘முதலில் விசிட்டில் கூட்டிக்கொண்டு போ, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்கிற ஏஜென்டுகள் இங்கே உண்டு. விசிட் விசாவிலிருந்து உள்ளே இருந்துகொண்டே துணை விசாவுக்கு (டிபென்டன்ட் விசா) மாற முடியாது, ஊருக்குத் திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே பிரசவமானால் என்.எச்.எஸ். கட்டணத்தின் 150 சதவீதம் பில் வரும். பணமில்லை என்பதற்காகப் பிரசவம் பார்க்க மறுக்க மாட்டார்கள், மறுக்கவும் கூடாது. ஆனால் 500 பவுண்டுக்கு மேல் கடன் நின்று இரண்டு மாதம் தாண்டினால் உள்துறைக்குத் தகவல் போகும், அடுத்த விசாவை அது பாதிக்கும். 2024 மார்ச் 11 முதல் விண்ணப்பித்து கேர் வொர்க்கர் வேலைக்குப் போனவர்கள் மனைவி, பிள்ளைகளைத் துணை விசாவில் அழைத்துப்போகவே முடியாது. இதை மறைத்துத்தான் விசிட் விசாவைத் தள்ளிவிடுகிறார்கள்.

இரண்டாம் வரி: ஹாஸ்பிட்டல் புக்கிங், 15,000 ரூபாய். ரசீதிலேயே மிகக் கொடுமையான வரி இதுதான், பணத்தால் அல்ல, நாட்களால். புக்கிங் ஆகிவிட்டது, அவர்களே போன் பண்ணுவார்கள் என்று சொன்னதை நம்பி அந்தப் பெண் வாரக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டபோது அப்படி ஒரு பெயரே பதிவில் இல்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய முதல் ஸ்கேன் தவறிப்போனது. அந்த ஸ்கேனோடு சேர்ந்த ரத்தப் பரிசோதனையும் போனது. அதற்குப் பதிலாக 14 முதல் 20 வாரத்துக்குள் வேறொரு ரத்தப் பரிசோதனை செய்வார்கள், ஆனால் அது முதலாவது அளவுக்குத் துல்லியமில்லை.

இந்தியாவிலிருந்து யாரும் இந்தப் பதிவைச் செய்து தர முடியாது. இறங்கின வாரமே குடியிருக்கும் பகுதியின் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். அதற்கு முகவரிச் சான்றோ விசாத் தாளோ கட்டாயமில்லை, கேட்டு மறுத்தால் அது அவர்கள் தவறு. ஜி.பி.க்குக் காத்திராமல், பக்கத்து மருத்துவமனையின் இணையதளத்தில் மகப்பேறுப் பிரிவுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கவும் செய்யலாம். முதல் மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பது நல்லது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ், தலசீமியா பரிசோதனைகள் அப்போதுதான் எடுப்பார்கள். அந்த வாரம் கடந்து போய் இறங்கினாலும் தயங்காமல் உடனே கூப்பிடுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், கணவர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றில்லை. இரண்டாவது பெரிய ஸ்கேன் 18 முதல் 21 வாரத்துக்குள். மருந்துச் சீட்டுக்கும் பல்லுக்கும் கட்டணம் விலக்கும் மகப்பேறுச் சான்றை மிட்வைஃபிடம் கேட்டு வாங்குங்கள், பேறு முடிந்து 12 மாதம் வரை அது செல்லும்.

ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டிய தாள்கள்: ரத்தவகை அறிக்கை (ஆர்.எச். நெகட்டிவ் என்றால் முன்பு போட்ட ஆன்டி-டி ஊசியின் தேதியும்), எடுத்த ஸ்கேன்கள், டெட்டனஸ் ஊசித் தேதிகள், முன் பிரசவம் சிசேரியன் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. இவற்றைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஏறும்போது 28 வாரம் தாண்டியிருந்தால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளை என்றாலும் 36 வாரத்துக்கு மேல் பொதுவாக ஏற்றமாட்டார்கள்.

மூன்றாம் வரி: கல்யாணச் சான்றிதழுக்கு அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் சான்று) எம்பஸி அட்டஸ்டேஷனும், 22,000 ரூபாய். எல்லைப்பகுதிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எந்த மாநிலம் சான்றிதழ் கொடுத்ததோ அந்த மாநிலத்தின் உள்துறைதான் அதற்குச் சாட்சி சொல்லும். பாறசாலைப் பஞ்சாயத்து கொடுத்த சான்றிதழ் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த கல்யாணம் என்றால் சென்னைக்கு. இந்த அலுவலகம் கேரளச் சான்றிதழைச் சென்னைக்கு அனுப்பி, அது திரும்பி வந்து, ஏழு வாரம் வீணானது. சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ கோயிலிலோ கொடுத்த கல்யாணச் சீட்டு மட்டும் போதாது, அரசுப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள், கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு விதிப்படி 45 நாளுக்குள் பதிய வேண்டும். பிறகு பதிந்தால் தாமதக் கட்டணமும் அலைச்சலும்.

மாநில உள்துறைக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம். அங்கே அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய். தாளை வாங்கிக் கொடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் சிறு சேவைக் கட்டணம் தனி. அப்போஸ்டில் ஒட்டிவிட்டால் எம்பஸி வேலை கிடையாது. பிரிட்டன், அப்போஸ்டிலை ஏற்கும் ஹேக் உடன்பாட்டில் உள்ள நாடு, எனவே எம்பஸி அட்டஸ்டேஷன் என்று தனியாகப் பணம் கேட்டால் அது பொய். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: ஓமனுக்கும் பஹ்ரைனுக்கும், 2022 டிசம்பர் முதல் சவுதிக்கும் அப்போஸ்டில் போதும். துபாய், அபுதாபி உள்ளிட்ட எமிரேட்ஸுக்கும் கத்தாருக்கும் குவைத்துக்கும் எம்பஸி முத்திரையே வேண்டும். எமிரேட்ஸில் பிள்ளை பிறந்தால் 120 நாளுக்குள் ரெசிடென்ஸ் விசா எடுக்க வேண்டும், தவறினால் நாள்கணக்கில் அபராதம். அதற்கு இந்தக் கல்யாணத் தாள் கையில் இல்லாமல் தவிப்பவர்கள் பலர். அவர்கள் இதைப் புறப்படும் முன்பே முடிக்க வேண்டும். இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கோ பிறப்பைப் பதிய அப்போஸ்டில் தேவைப்படவே இல்லை.

நான்காம் வரி: பிள்ளைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஆலோசனை, 25,000 ரூபாய். இதை நம்பாதீர்கள். 1983 ஜனவரி 1 முதல், அங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன் ஆவதில்லை; தாய் தந்தையரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். பின்னால் ஒருவருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் பிள்ளையைப் பதியலாம், அல்லது பிறந்தது முதல் 10 வயது வரை அங்கேயே வளர்ந்தால் பதியலாம். குழந்தை பிறந்தால் அரசு மாதாமாதம் பணம் தரும் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதும் பொய். குழந்தை உதவித்தொகை ‘பொது நிதி’, அதாவது அரசு உதவிப் பணம், என்ற கணக்கில் வருவது. பொது நிதி கிடையாது என்று விசாவில் எழுதியிருக்கும்போது அதை வாங்கினால் விசாவுக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது வேறு. இங்கிலாந்தில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். கணவன் மனைவி என்றால் ஒருவர் போனாலே போதும். பெற்றோர் பெயருள்ள முழுச் சான்றிதழையே கேட்டு வாங்குங்கள், சுருக்கச் சான்றிதழ் இந்தியத் தூதரகத்தில் உதவாது. அடுத்து அங்கேயே இந்தியக் குடிமகனாகப் பதிந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். சட்டப்படி ஓராண்டு வரை இதற்கு நேரமிருக்கிறது, தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால் ஓராண்டு இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பிறந்த குழந்தைக்கு என்.எச்.எஸ். கட்டணமில்லாமல் பார்ப்பது முதல் மூன்று மாதம் மட்டும். அதற்குள் குழந்தைக்குத் துணை விசா விண்ணப்பம் போக வேண்டும், விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அதனால் பிரசவம் முடிந்த வாரமே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. விசா இல்லாமல் பிள்ளையை ஊருக்குக் காட்டக் கொண்டுவந்துவிட்டால் திரும்பப் போக முடியாமல் இங்கே நிற்க நேரும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள்: ‘பிள்ளை இங்கே பிறந்ததாக ஒரு சான்றிதழ் எடுத்துத் தருகிறோம், தூதரக அலைச்சல் மிச்சம்.’ அது கள்ளச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்குக் கர்ப்பிணியின் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண்) கேட்பார்கள். மருத்துவமனைப் பதிவும் வேண்டும். எப்படியோ எடுத்தாலும், ஒரே பிள்ளைக்கு இரண்டு நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இருப்பது பாஸ்போர்ட் சரிபார்ப்பில் தெரியவரும். வழக்கு பெற்றோர் மேல் வரும். ஏழாம் மாதம் ஊருக்கு வந்து பேறு பார்ப்பவர்களுக்கு பிக்மி எண் கிராம சுகாதார செவிலியரிடமோ இணையதளத்திலோ இலவசம். அதற்கும் 2,000, 3,000 கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் வரி, அம்மாவுக்கு விசிட் விசா முன்பணம் 10,000. மகளின் பேறு பார்க்க அம்மா போவதில் தவறில்லை, ஆறு மாதம் வரை விசிட் விசாவில் இருக்கலாம். சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பதுதான் கூடாது. ஆபத்து, ஏஜென்ட் வங்கிக் கணக்கில் கடன் பணத்தைப் போட்டுக் காட்டுவதிலும், இல்லாத நிலத்துக்கு மதிப்பீடு எழுதுவதிலும் இருக்கிறது. பொய் ஆவணம் என்று கண்டால் 10 ஆண்டு தடை. உள்ள வருமானத்தை உள்ளபடி காட்டி, மகள் செலவை ஏற்கிறாள் என்றால் அதைக் கடிதமாக வைத்தாலே போதும். அம்மாவின் பெட்டியில் நெய், பால் சேர்ந்த இனிப்பு, கருவாட்டோடு உப்புக்கண்டம் என்று கட்டிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இறைச்சியும் பால் பொருளும் அங்கே தடை, வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். லேபிள் இல்லாத பேறுகால லேகியத்தையும் கண்மையையும் விட்டுவிடுங்கள், இவற்றில் சிலவற்றில் ஈயம் இருந்தது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. இன்னொன்று: நம் ஊரில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் கிடையாது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர்கள் என்று மிட்வைஃபிடம் சொன்னால், நான்காம் வாரத்தை ஒட்டிப் போடுவார்கள்.

ரசீதில் இல்லாதது, ஆனால் பிறகு பெரிதாக வந்தது, சம்பளம். நிறுவனம் தரும் மகப்பேறு ஊதியத்துக்கு, பேறு வாரத்துக்கு 15 வாரம் முன்பே 26 வாரம் அங்கே வேலை செய்திருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு வேலையில் சேர்ந்தவருக்கு அது கிடைக்க வழியில்லை. நிறுவனம் எஸ்.எம்.பி.1 என்ற தாளை எழுதித் தர வேண்டும்; அதை வைத்து மெட்டர்னிட்டி அலவன்ஸ் கேளுங்கள். அதற்கு, பேறுக்கு முந்தைய 66 வாரத்தில் 26 வாரம் வேலை செய்திருந்தால் போதும், அது பொது நிதியும் அல்ல. விடுப்பு 52 வாரம், அது சேர்ந்த முதல் நாளிலிருந்தே உள்ள உரிமை. ‘லீவு எடுத்தால் விசா போய்விடும்’ என்று மிரட்டினால் நம்பாதீர்கள், மகப்பேறு விடுப்பால் விசா போகாது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பாலிசித் தாள் மூன்றையும் எடுத்துவையுங்கள். அலுவலகம் எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இருந்தாலும் பயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் புகார் பதியலாம். பாலிசி விஷயத்தை முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கேரளத்துக்குக் கொச்சியிலும் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்தால், ஊரிலுள்ள அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அதிகாரக் கடிதம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். இந்தத் தம்பதிக்காக நடத்துவது பெண்ணின் அண்ணன்தான்.