பித்தளை உறைக்குள் ரப்பர்: கட்லெஸ் பேரிங்கை இரண்டாம் முறை மாற்றியபோது

33 அடி நீளமுள்ள எங்கள் ஃபைபர் பாய்மரப் படகில், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கை மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறையாக மாற்ற வேண்டி வந்தபோது, பொருள்தான் மட்டம் என்று முடிவு கட்டியிருந்தேன். மலேசியாவின் லங்காவித் தீவில் படகைக் கரையேற்றி, தேய்ந்ததை வெளியே எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்த பிறகு அந்த முடிவைக் கைவிட்டேன்.

நான் வாங்கியது ட்யூராமேக்ஸ் நிறுவனத்தின் ஜான்சன் கட்லெஸ். பலர் இதைக் கடற்கொள்ளையர் வாளின் பெயரால் ‘கட்லஸ்’ என்றே சொல்கிறார்கள். பெட்டியில் அச்சாகியிருப்பது ‘கட்லெஸ்’. வெளியே பித்தளைக் குழாய், உள்ளே அதனோடு ஒட்டி வார்க்கப்பட்ட நைட்ரைல் ரப்பர், ரப்பரில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள், இவ்வளவுதான் பேரிங். எண்ணெயோ கிரீஸோ தேவையில்லை. பள்ளங்களின் வழியே புகும் கடல்நீரே ஷாஃப்ட்டுக்கும் ரப்பருக்கும் இடையில் மென்படலமாக நின்று உராய்வைத் தடுக்கிறது. உள்ளே வரும் மணல் துகள் ரப்பரில் அமுங்கி உருண்டு, அடுத்த பள்ளத்தில் விழுந்து நீரோடு வெளியேறுகிறது. ரப்பர் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, நீராவிக் கப்பல்களில் லிக்னம் வைட்டே என்னும் கடினமான மரத்தை இதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

நான் கழற்றிய பேரிங்கில் ஒரு பக்கத்து ரப்பர் ஏறக்குறைய மழுங்கிப்போயிருந்தது. எதிர்ப்பக்கத்துப் பள்ளங்களோ புதிதுபோலக் கூர்மையாக இருந்தன. பேரிங் தரமற்றதாக இருந்தால் சுற்றிலும் ஒரேபோலத் தேய்ந்திருக்க வேண்டும். ஒருபக்கத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமைதான். முதல் முறை வேலை செய்த பட்டறையில் பழையதைத் தட்டி எடுத்துப் புதியதைத் தட்டிச் செருகிப் படகை இறக்கிவிட்டார்கள். எஞ்சின் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே இம்முறை வேலையை நானே செய்தேன். ஷாஃப்ட்டைக் கழற்றாமலே பேரிங்கை இழுத்தெடுக்க உதவும் புல்லர் ஒன்றை இரவல் வாங்கினேன். அது இல்லாதவர்கள் ஷாஃப்ட்டை உருவி, ஹேக்சா பிளேடால் பித்தளை உறையை நீளவாக்கில் அறுத்து நெளித்து எடுப்பார்கள். அறுக்கும்போது, பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டில் கீறல் விழாமல் பார்ப்பதற்குள் வியர்த்துவிடும். எந்த வழியானாலும், பேரிங்கைப் பிடித்து நிறுத்த பிராக்கெட்டின் பக்கவாட்டிலுள்ள கிரப் ஸ்குரூக்களை (தலையில்லாத சிறு திருகுகளை) முதலில் கழற்ற வேண்டும். பெயிண்ட் பூச்சுகளுக்கு அடியில் அவை எளிதில் கண்ணில் படுவதில்லை. புதிய பேரிங்கை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்திருந்து, சோப்பு நீர் தடவித் தள்ளியதில், சுத்தியல் இல்லாமலே இடத்தில் அமர்ந்தது. கிரப் ஸ்குரூவை உறையிலுள்ள குழியில் பொருந்தும் அளவுக்கு மட்டும் திருக வேண்டும். பலம் காட்டினால் உறை நெளிந்து ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

படகை நீரில் இறக்கி இரண்டு நாட்கள் விட்ட பிறகுதான் எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்த்தேன், ஏனெனில் கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் வடிவமும் மிதக்கும் படகின் வடிவமும் ஒன்றல்ல. கப்ளிங் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைதான் அதன் இரு முகங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுற்றிலும் வேறுபடலாம் என்பது வழக்கமான அளவுகோல். எங்கள் 4 அங்குலக் கப்ளிங்குக்கு அது 0.1 மில்லிமீட்டர். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் காட்டியதோ அதைப்போல் ஏழு மடங்கு. எஞ்சினைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டுகளின் நட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்ய ஒரு முழுப் பகல் ஆனது. அதன் பிறகு, ரப்பர் மவுண்டின் குறை என்று நான் நெடுநாள் நினைத்திருந்த அதிர்வும் நின்றுவிட்டது.

குறைகளும் உண்டு. பித்தளை உறையை அலுமினியம், எஃகுப் படகுகளில் பொருத்தினால் மின்வேதி அரிப்பு வரும். அத்தகைய படகு வைத்திருப்பவர்கள் உலோகமல்லாத உறை கொண்டதை வாங்க வேண்டும். வெப்பக் கடலில் படகை வாரக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தால் பள்ளங்களில் கொட்டலசு என்னும் ஓட்டுடைய கடலுயிரி வளர்ந்து நீரை அடைக்கும்.

வாங்குமுன் ஷாஃப்ட்டை வெர்னியரால் அளந்துகொள்வது அவசியம். ஓர் அங்குல ஷாஃப்ட்டும் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் வேறுபாடு 0.4 மில்லிமீட்டர். இந்த அளவு ஷாஃப்ட்டில் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் ஆட்டம் கண்டால் பேரிங்கை மாற்றுவது வழக்கம் என்பதால், தவறான அளவை வாங்கியவர் கால்வாசித் தேய்மானத்தோடுதான் தொடங்குகிறார். பேரிங்கின் விலையைவிடப் படகை ஏற்றி இறக்கும் கூலி எனக்குப் பல மடங்கு ஆனதால், சரியான அளவில் இரண்டு வாங்கி, ஒன்றை வெயில் படாமல் படகிலேயே வைத்திருக்கிறேன்.