ரஸ்ட் மான்ஸ்டரை வைத்துப் பல வருடம் கேம் நடத்திய பிறகு

புதிதாக டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) ஆகியிருக்கும் நண்பர் ஒருவர், ரஸ்ட் மான்ஸ்டரை, அதாவது உணர்கொம்பால் தொட்டு இரும்பை அரித்துத் தின்னும் பிராணியை, மையமாக வைத்து ஒரு அட்வென்ச்சர் நடத்தலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். கேரக்டர்களாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வந்த 2014 விதிகள்தான் இங்கே கணக்கு.

வெறும் சண்டைக்கு இதை இறக்கினால் ஏமாற்றம்தான். அதற்கு 27 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி)தான். மூன்று பேர் சேர்ந்து அடித்தால் இரண்டு மூன்று ரவுண்டில் (எல்லோரும் ஒருமுறை ஆடினால் ஒரு ரவுண்டு, கதையில் 6 வினாடி) கதை முடிந்தது. அதற்குள் உணர்கொம்பு ஓரிரு முறை படும். டிசி 11 டெக்ஸ்டெரிட்டி சேவ் தவறினால், அதாவது விலகப் பகடை உருட்டி மொத்தம் 11 வராவிட்டால், கவசத்தின் ஆர்மர் கிளாஸில் (அடி படாமல் காக்கும் எண்ணில்) 1 போகும். பிளேட் (முழு உலோகக் கவசம்) 18-இலிருந்து 10-க்கு இறங்கி அழிய எட்டுத் தடவை பட வேண்டும். கேடயத்துக்கு இரண்டே போதும். உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால் 1,500 தங்கக் காசு கொடுத்து வாங்கிய பிளேட் நிரந்தரமாக 17 ஆகிவிடும்.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் அந்த ‘நிரந்தரமாக’தான். பழுதுபார்க்க விதியே கொடுக்கவில்லை. மெண்டிங் மந்திரம் ஓர் உடைசலையோ கிழிசலையோ ஒட்டும். அரித்துப் போன இரும்பு திரும்ப வருமா என்று மேஜையில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். இரும்புக் கவசம் போடும் ஃபைட்டரும் பேலடினும் இழந்துகொண்டே இருக்க, அங்கி போட்ட மந்திரவாதி விஸார்டுக்கு ஒன்றுமே ஆகாது. இது அநியாயம். அதனால் விளையாட்டு தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்: போன ஒவ்வொரு 1-க்கும் கவச விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் கொல்லன் சரிசெய்து தருவான். பிளேட்டுக்கு 150 காசு. வலிக்கும், ஆனால் கேரக்டர் பாழாகாது.

இன்னொரு குளறுபடி. உணர்கொம்பு அரிப்பது இரும்புச் சாமான்களை மட்டும். அதன் உடம்பில் பட்டால் கெடுவதோ மந்திரமில்லாத எந்த உலோக ஆயுதமும். ஒவ்வொரு அடிக்கும் டேமேஜில் 1 குறைந்து, −5 ஆனால் அழியும். வெண்கல ஈட்டி கேள்வி கட்டாயம் வரும், முன்பே முடிவெடுங்கள். உணர்கொம்பு எதைத் தொடும் என்பதும் டிஎம் கையில் இருப்பதால் கேடயத்தையே குறிவைப்பதாகப் பழி வரும். பெரிய இரும்பு முதலில் என்று வைத்தால் பிளேயர்கள் திட்டமிட முடியும்.

இனி, இதை நான் விடாமல் வைத்திருக்கும் காரணம். யாரும் அணியாத, கையில் பிடிக்காத இரும்பில் ஒரு தொடுதல் ஒரு கன அடியைத் தின்றுவிடும். அதாவது இரும்புக் கதவில் இரண்டடி அகலம், மூன்றடி உயரத்துக்கு ஓட்டை போட ஆறு தொடுதல், ஆறு ரவுண்டு, 36 வினாடி. பூட்டு திறக்கத் தெரிந்த ரோக் இல்லாத பார்ட்டிக்கு (பிளேயர்களின் குழுவுக்கு) சிறையை உடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட நொடியில் பிளேயர்கள் அதைக் கொல்வதை நிறுத்திவிட்டு எப்படிக் கூட்டிப்போவது என்று பேச ஆரம்பிப்பார்கள். அங்கேதான் அட்வென்ச்சர் பிறக்கிறது.

30 அடிக்குள் இருக்கும் இரும்பை அது மோப்பம் பிடிக்கும். டன்ஜனீயர்ஸ் பேக் என்ற சாமான் மூட்டையில் எல்லோரும் மறந்துவிடும் 10 பிட்டான் ஆணிகள் இருக்கும். 25 அடிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் சுமார் 250 அடி தூரம் இழுத்துவரலாம். அதன் வேகம் 40 அடி, மனிதனுக்கு 30. கவசத்தோடு முன்னால் ஓடுகிறவர் மாட்டிக்கொள்வார். எனவே அந்த வேலை இரும்பில்லாத விஸார்டுக்குத்தான் வந்து சேரும். கடைசியில் அவருக்கும் பயம் வரும் என்பது எனக்குப் பெரிய திருப்தி.

தயாரிப்பும் சுலபம். சுரங்கமோ கோட்டையோ எதுவானாலும் வரைபடத்தில் ஆறு இரும்புச் சாமான்களைக் குறியுங்கள்: கதவுக் கீல், லிஃப்டின் சங்கிலி, மரப்பாலத்தின் ஆணி, கைதியின் விலங்கு இப்படி. ஒவ்வொன்றும் போனால் என்ன விழும், யார் தப்புவார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் கடையில் வாங்கிய மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றிலிருந்து பிறந்த பிராணி இது. 1977 பதிப்பில் மந்திர ஆயுதங்களுக்குக்கூட ஒரு பிளஸ்ஸுக்கு (மந்திர வலிமையின் ஒரு படிக்கு) 10 சதவீதப் பாதுகாப்புதான், அது கொடூரம். 2014 விதிகளிலோ மந்திரப் பொருளை அதனால் அரிக்கவே முடியாது. பார்ட்டி கையில் பிளஸ் ஒன் கத்திகள் வந்ததும் சண்டையில் அது செல்லாக்காசு.

இவ்வளவு புகழ்ந்தும் நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் லெவலில் இருக்கும் ஒரே ஃபைட்டரின் செயின் மெயிலை (சங்கிலிக் கவசத்தை) தின்னக் கொடுத்தால் அந்த பிளேயர் அடுத்த வாரம் வரமாட்டார். கொல்லன் விலையெல்லாம் மேஜைக்குப் பழகட்டும். மூன்றாம் லெவலில், இரும்புக் கதவு உள்ள இடத்தில், ஒன்றே ஒன்றை விடுங்கள்.