₹46,800 போனது: இணையத்தில் பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

எனக்குப் பழைய கேமரா விற்ற இணையதளத்திடமிருந்து இன்றைக்குக் காலையில் கடைசி மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று ஒரே வரி. எதுவும் தீரவில்லை. பணமும் வரவில்லை, பொருளையும் மாற்றித் தரவில்லை. ₹46,800. நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பூச்சி, பூ என்று கிட்டப் போய்ப் படம் எடுக்கவும், ஊர் சுற்றும்போது கையில் வைத்துக்கொள்ளவும் நடுத்தர விலையில் ஒரு கேமரா தேடுகிற பலர் இப்போது இந்த மாதிரி இடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் தளத்தின் பெயரைப் போடவில்லை. பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி, சோதித்து, தரம் பிரித்து, ஆறு மாத வாரண்டியோடு விற்பதாகச் சொல்லும் இணையதளம். நேரில் போய்ப் பார்க்கக் கடை கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ‘மிக நன்று’, ‘நன்று’ என்று முத்திரை போட்டிருப்பார்கள். எனக்கு விற்றதில் ‘மிக நன்று’ என்று இருந்தது.

நான் கோவை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போய்விடுவேன். தட்டான், கும்பிடுபூச்சி, இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, குதிக்கும் சிலந்தி, இவைதான் என் விஷயம். இத்தனை நாளும் போனில்தான் எடுத்தேன். போனில் கிட்டப் போய் எடுக்க மேக்ரோ என்று தனியாக ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார்களே, அது பெரும்பாலும் 2 மெகாபிக்சல்தான். எறும்பின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

என்ன வாங்கலாம் என்று நிறைய யோசித்தேன். ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சின்ன கேமராக்கள் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில்கூட ஃபோகஸ் ஆகும், தண்ணீரிலும் இறக்கலாம், பயணத்துக்கு அருமை. ஆனால் அவ்வளவு கிட்டப் போனால் கேமராவின் நிழலே பூச்சி மேல் விழும், பாதிப் பூச்சிகள் பறந்தும் போய்விடும். லென்ஸ் மாற்றக்கூடிய புதிய மிரர்லெஸ் கேமராவின் பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) மேக்ரோ லென்ஸும் சேர்த்தால் என் கையிருப்பைத் தாண்டிவிடும். கடைசியில், பழைய நிக்கான் டி5600 பாடி, கூடவே டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் என்று முடிவு செய்தேன். டி5600-இல் திரை வெளியே மடங்கித் திரும்பும். சேற்றில் படுக்காமலே தரையோடு தரையாக வைத்து எடுக்கலாம். 90 மி.மீ. லென்ஸ் 1:1 தரும். அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பூச்சியின் நிஜ அளவே விழும். சென்சார் அகலம் 23.5 மி.மீ., முசுறு ஒன்று ஏறக்குறைய 8 முதல் 10 மி.மீ.; கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், படத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்று. பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவில் வெளிச்சம் விழ இடமும் இருக்கும். இன்றைக்கும் இந்தத் தேர்வு சரிதான் என்றே சொல்வேன். ஏமாற்றியது விற்றவர்கள்.

அந்தத் தளத்தில் பாடி, சாதாரணப் படங்களுக்கான 18-55 லென்ஸ், 90 மி.மீ. மேக்ரோ மூன்றும் சேர்ந்து ₹46,800 என்று போட்டிருந்தார்கள். விசாரிக்க ஒரு எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்த பையன் முதலில் சார் என்றான், நான் கோவை என்றதும் அண்ணா ஆகிவிட்டேன்.

“எதுக்குங்கண்ணா எடுக்கறீங்க, கல்யாண வேலைக்கா?”

“இல்ல தம்பி, பூச்சி எடுக்க.”

“அட, நானும் பூச்சி எடுக்கறவன்தாங்கண்ணா!”

அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பூச்சி எடுக்கிறவர்கள் குறைவு. ஒருத்தரைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி மனசு இளகிவிடும். அவனும் சும்மா பேசவில்லை. 1:1-இல் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக்கூடத் தெளிவு நிற்காது, மூச்சை அடக்கி உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ் பிடிக்கணும் என்றெல்லாம் அவனே சொன்னான். தெரிந்தவன் பேச்சு. நான் கேட்க வேண்டியதையும் விடாமல் கேட்டேன். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது? “ஒம்பதாயிரத்து நானூறுதாங்கண்ணா. ஒரு டாக்டர் வச்சிருந்தாரு, வீட்டைவிட்டு வெளியவே எடுக்கல.” லென்ஸில் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை? “கண்ணாடி மாதிரி இருக்குங்கண்ணா.” டி5600 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாதே, லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறதா? “இருக்குங்கண்ணா, மோட்டார் உள்ள மாடல்தான், ஆட்டோஃபோகஸ் பக்காவா வேலை செய்யும்.”

அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். குதிக்கும் சிலந்தி, நேருக்கு நேர். முன் பக்கத்து நான்கு கண்களும் தெளிவாக, நடுவிலிருந்த இரண்டு பெரிய கண்களிலும் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைச் சதுரமாக விழுந்து, முகத்து ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக. “இதே லென்ஸுல நேத்து டெஸ்ட் பண்ணறப்ப எடுத்ததுங்கண்ணா. பிடிக்கலேன்னா ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்பிருங்க. நான் இருக்கேன்ல.”

நான் இருக்கேன்ல. இந்த வார்த்தையை நம்பித்தான், என் வீட்டுக்காரி சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தோடு என் போனஸையும் சேர்த்து ₹46,800 அனுப்பினேன். பொருள் வந்த பிறகு பணம் தருகிற வசதி அந்தப் பொருளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முழுப் பணமும் யுபிஐயில் போனது.

பெட்டி வந்தது. திறக்கும்போது மகளை வீடியோ எடுக்கச் சொன்னேன், அது இருக்கிறது. வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. மேக்ரோ லென்ஸை மாட்டி ஷட்டரைப் பாதி அழுத்தினேன். அசையவில்லை. கழற்றி, பாடியில் மாட்டும் பக்கமான மவுண்டைப் பார்த்தால், பாடிக்குள் இருக்கும் மோட்டார் சுழற்ற வேண்டிய திருகுத்துளை இருக்கிறது. மோட்டார் இல்லாத பழைய மாடல். பூச்சிக்கு நான் எப்படியும் கையால்தான் ஃபோகஸ் செய்வேன். ஆனால் பயணத்தில் ஆட்களை எடுக்கவும் அதே லென்ஸ்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஓடுகிற குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து பாருங்கள், தெரியும்.

அடுத்து லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்த்தேன். உள்ளே நடுக்கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஃபங்கஸ். வெள்ளை வெள்ளையாகக் கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையும் இன்னும் மெல்லிய இழைகளாகப் பிரிந்து படர்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படங்கள் எல்லாம் புகை படிந்து வந்தன. ஊரில் கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். “பிரிச்சுச் சுத்தம் பண்ணலாம் சார், ஆனா கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்கை அரிச்சிருந்தா தழும்பு போகாது” என்றார். கூலி ₹6,500 சொன்னார்.

நிக்கான் கேமராக்களில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அதுவரை ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற எண் பதிந்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் காட்டிவிடும். திறந்தேன். 1,12,637. அவன் சொன்னது 9,400. இந்த வகை பாடிகளுக்கு ஷட்டர் ஆயுள் ஒரு லட்சம் என்றுதான் பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். அதற்கு மேலும் ஓடலாம்தான், ஆனால் அது ₹46,800 கொடுத்து வாங்க வேண்டிய பாடி கிடையாது. வீட்டைவிட்டு வெளியே எடுக்காத டாக்டர் ஒரு லட்சத்துக்கு மேல் படம் எடுத்தாரா? கல்யாண வேலைக்கு ஓடிய கேமரா அது.

அந்தச் சிலந்திப் படத்தையும் விடவில்லை. இணையத்தில் படத்தை வைத்துத் தேடினேன். வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் பல வருஷம் முன்னாடியே போட்ட படம். வேறு கேமரா, வேறு லென்ஸ். கண்ணில் விழுந்த அந்த வெள்ளைச் சதுரம்கூட அப்படியே இருந்தது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அதிகமாக எரிகிறது. அடுத்தவர் உழைப்பை எடுத்துக் காட்டி என் பணத்தை வாங்கியிருக்கிறான்.

மறுநாளே புகார் பதிந்தேன். புகார் எண் இருக்கிறது. பெட்டி திறந்த வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன். வீடியோவில் சீரியல் எண் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். பெட்டி திறக்கும் வீடியோவில் அடிப்பக்க எண்ணைக் காட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். டெக்னிக்கல் டீம் கூப்பிடும் என்றார்கள். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஆரம்பத்திலிருந்து கதை சொல்ல வேண்டும். ஏழு நாள் கடந்ததும் ஒரு பெண் எடுத்து, “ரிட்டர்ன் பீரியட் முடிஞ்சிருச்சு சார்” என்றார். “நான் புகார் பதிஞ்சது ரெண்டாவது நாள் மேடம்.” “அது கம்ப்ளைண்ட் சார், ரிட்டர்ன் ரிக்வெஸ்ட் இல்லை.” அந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்கு அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

அப்புறம் மேலதிகாரி என்று ஒருவர் பேசினார். ஃபங்கஸ் நான் வைத்திருந்த இடத்து ஈரத்தால் வந்திருக்கும் என்றார். நடுக்கண்ணாடி வரை கிளைவிட்டுப் படர ஒரு நாள் போதுமா? பெட்டியைத் திறந்த அன்றைக்கே எடுத்த படம் இருக்கிறது, அனுப்பியும் இருக்கிறேன். ஷட்டர் கவுண்ட் பற்றிக் கேட்டால் “அது தோராயமான எண் சார்” என்கிறார். ஒன்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் என்ன தோராயம்? கடைசியில், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள ₹1,500 கூப்பன் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சரி, உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார். பெற்றுக்கொள்வதாகவும் பணம் தருவதாகவும் மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றேன். எழுதித் தரவில்லை. இன்றைக்குத் ‘தீர்க்கப்பட்டது’ என்று வந்துவிட்டது. இந்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போவதாக இருந்தோம். தள்ளிவைத்துவிட்டோம்.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். விரிவாக எழுத இப்போது மனசு இல்லை.

கேமரா எதுவானாலும் மேக்ரோவுக்கு முக்கியம் லென்ஸ். லென்ஸின் மேல் மேக்ரோ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்; 70-300 ஜூம்களில்கூட அப்படி எழுதியிருக்கும், அவை 1:2-ஐ, அதாவது நிஜ அளவில் பாதியைத் தாண்டாது. 1:1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் மோட்டார் இல்லை, எனவே லென்ஸின் மவுண்ட் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பாடி என்றால் அன்றைக்கே எடுத்த ஒரு படத்தின் மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் விவரமெல்லாம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாதிரிப் படம் எது வந்தாலும் இணையத்தில் தேடிப் பாருங்கள்.

டார்ச் அடித்துப் பார்க்க முடியாத லென்ஸை வாங்காதீர்கள். நேரில் பார்த்து வாங்க ஊரில் ஆள் இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் அங்கேயே வாங்குங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு என்றால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். பெட்டி திறக்கும் வீடியோவில் சீரியல் எண்ணைக் காட்டுங்கள். குறை இருந்தால் ‘ரிட்டர்ன்’ என்ற வார்த்தையையே போட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியது ஒன்றுக்கும் உதவாது.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

1915-இல் பதிந்துவிட்டேன். பில், தளத்தில் போட்டிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஷட்டர் எண் தெரியும் கோப்பு, ஃபங்கஸ் படம் எல்லாம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு மாதம் பார்ப்பேன், அப்புறம் கோவை ஆணையம்தான். எனக்கு வேண்டியது கூப்பன் இல்லை, ₹46,800. இதே போன்ற தளத்தில் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.