மட்டை வளைவைத் தடுப்பதில் ஈரமானி: சில மாரிகளைக் கடந்த பயன்பாட்டு அனுபவம்

யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கத்தில் இயங்கும் எங்கள் பெட்டிப் பட்டறையில், கடதாசிச் சுருளான றீலை ஒரு முனையில் ஏற்றினால் மறுமுனையில் வெட்டிய நெளிமட்டையாக வந்து விழும் முழுத் தானியங்கி வரிசை கிடையாது. நெளித்த கடதாசியை லைனர் எனும் தட்டையான கடதாசியோடு நெளி இயந்திரத்தில் ஒட்டி இரண்டு பிளை, அதாவது ஈரடுக்கு மட்டை, செய்து, அதை அளவுக்கு வெட்டி, பசை இடும் இயந்திரத்தில் விட்டு, மூன்றாவது அடுக்கான மறுபக்க லைனரை (இதையே மூன்றாவது லைனர் என்கிறோம்) கையால் வைத்து ஒட்டி அடுக்குகிறோம். நெல்லி கிறஷ் போத்தல், பனங்கட்டி, மிளகாய்த்தூள், ஏற்றுமதிக்குப் போகும் மாம்பழம் ஆகியவற்றுக்கான பெட்டிகளே எங்கள் வேலையில் பெரும்பகுதி. இந்த முறையில் மட்டை செய்யும் எவருக்கும் வளைவு என்பது புதிய செய்தி அன்று. வளைந்த மட்டையில் அச்சு இடம் மாறி விழுகிறது; மடிப்புக்கோடும் வெட்டும் ஒன்றுக்கொன்று விலகுகின்றன; கம்பிப் பின் அடித்துப் பெட்டியை இணைக்கும்போது, அதற்கென விட்ட ஓர மடிப்பான காது பொருந்துவதில்லை. இவற்றைக் குறைப்பதற்காக ஒரு முள் ஈரமானியும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானியும் வாங்கினோம். பல மாரிகளும் கோடைகளும் அவற்றை நாள்தோறும் பயன்படுத்திய பின்னர் எழுதும் மதிப்பீடு இது.

கருவியைப் பற்றிச் சொல்லுமுன் வளைவின் காரணத்தைச் சொல்லவேண்டும். அது தெளிவாக இல்லையென்றால் கருவி காட்டும் எண்ணால் பயன் இல்லை. கடதாசி ஈரத்தை வாங்கினால் விரியும், இழந்தால் சுருங்கும். ஒட்டும் வேளையில் எந்த லைனர் கூடுதல் ஈரமாக இருந்ததோ, அதுவே காயும்போது கூடுதலாகச் சுருங்கி மட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே காய்ந்த மட்டையின் குழிந்த பக்கம் எதுவென்று பார்த்தால், ஒட்டும்போது ஈரமாக இருந்த லைனர் எதுவென்று தெரிந்துவிடும். இந்த விரிவும் சுருக்கமும் றீல் ஓடும் திசையில் குறைவாகவும், அதற்குக் குறுக்கான திசையில் பல மடங்கு கூடுதலாகவும் இருக்கும். அதனால்தான் பெரும்பாலான மட்டைகள் நெளிகளின் நீளப்போக்கில், அதாவது றீலின் அகலப்பாட்டில் வில்லாக வளைகின்றன.

இனி ஈரமானி. இரண்டு ஊசி முனைகளுக்கிடையே கடதாசி காட்டும் மின்தடையை அளந்து அதை ஈரவீதமாக மாற்றிக் காட்டுவதே இதன் வேலை. எங்களுக்கு விற்றவர் கடதாசிக்கு ஏற்றது என்று சொன்னபோதிலும், கருவியில் இருந்தது மரத்துக்கான அளவுகோல்தான். மரத்துக்குச் சரியாக இருக்கும் எண் கடதாசிக்குச் சரியாக இருக்கவேண்டியதில்லை. அதிலும், மீள்சுழற்சிக் கடதாசியில் தங்கியிருக்கும் உப்புகள் மின்னோட்டத்தை எளிதாக்கிவிடுவதால், அதே ஈரமுள்ள, மரக்கூழில் செய்த கிராஃப்ட் கடதாசியைவிட அது ஈரமானதாகவே காட்டப்படும். எண்ணின் உண்மையை அறிய ஒரே வழி அடுப்பு. ஒவ்வொரு வகைக் கடதாசியிலும் துண்டுகள் வெட்டி நிறுத்து, 105 பாகை செல்சியஸில் நிறை மேலும் குறையாத வரை உலர்த்தி மீண்டும் நிறுக்கவேண்டும். 50 கிராம் 46 கிராமாக இறங்கினால் ஈரம் 8 வீதம். அவ்வாறு கிடைத்த எண்ணையும் கருவி காட்டிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கடதாசி வகைக்கு ஒன்றாக ஓர் அட்டவணை செய்து, பசை இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். புதிய ஆலையிலிருந்து றீல் வந்தால் அந்த அட்டவணையில் ஒரு வரி கூடும்.

அளக்கும் விதத்திலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒற்றைத் தாளை மேசைமேல் வைத்துக் குத்தினால் ஊசி தாளைத் தாண்டி மேசைப் பலகையின் ஈரத்தைச் சொல்லும். ஆகையால் நாலைந்து தாளை ஒன்றாக அடுக்கி, அடியில் காய்ந்த பிளாஸ்ரிக் தகடு ஒன்றை வைத்து அளக்கிறோம். நெளி இயந்திரத்திலிருந்து சூட்டோடு வரும் இரண்டு பிளையை உடனே அளந்தால், சூட்டில் மின்தடை இறங்கியிருப்பதால் இல்லாத ஈரத்தைக் காட்டும். பசை பட்ட மட்டையை அளப்பது முற்றாகவே வீண். பசையில் கோஸ்டிக் சோடாவும் வெண்காரமும் இருப்பதால் எண் தாறுமாறாக ஏறும். ஆகவே இந்தக் கருவிக்கு வேலை ஒட்டுவதற்கு முன்னர் மட்டுமே. இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் வளைவைத் தடுக்கக்கூடிய நேரமும் அதுதான்.

காலையில் நெளி இயந்திரம் சூடேறும் இடைவெளியில், அன்று ஒட்டவிருக்கும் லைனர் அடுக்கின் நடுவிலும் இரு ஓரங்களிலும் ஊசி குத்தி, மூன்று எண்களைச் சுண்ணக்கட்டியால் மேல்தாளில் எழுதுகிறோம். மாரிகாலத்தில் நடுவில் 9 இருக்கும் அடுக்கு, ஓரத்தில் 12, 13 என்று நிற்பதை அடிக்கடி காணலாம். சாரீரப்பதன், அதாவது காற்றின் ஒப்பு ஈரப்பதம், 50 வீதமாக இருக்கும் காற்றில் 7, 8 வீத ஈரத்தோடு நிற்கும் கடதாசி, ஐப்பசி கார்த்திகை மழைக்காற்றில் 11, 12 வீதத்தைத் தாண்டுவது இயல்பு. அதுவும் காற்றுப் படும் ஓரத்திலிருந்தே தொடங்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இப்படிப் பேதம் உள்ள தாள், ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாகப் பாம்புபோல நெளிந்த மட்டையைத்தான் தரும். இரண்டு பக்கத்திலும் பசையைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்ய இயலாது. றீலின் மேலுறையைத் தேவைப்படும் அன்று மட்டுமே பிரிப்பது, வெட்டிய லைனரைப் பொலித்தீனால் மூடி மரத்தட்டின் மேல் வைப்பது, மாரியில் அன்றைய தேவைக்கு மேல் வெட்டாமல் இருப்பது ஆகிய மூன்றும் இங்கே எந்த இயந்திரத் திருத்தத்தையும்விடக் கூடுதல் பயன் தந்தன.

இரு லைனர்களின் ஈர வேறுபாட்டைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இரு லைனர்களும் ஒரே எண்ணைக் காட்டவேண்டும் என்பதுதான் முதலில் தோன்றும் எண்ணம். தானியங்கி வரிசையில் இரு பக்கமும் சூட்டு உருளைகளில் ஓடுவதால், ஈரமான லைனரை உருளையில் கூடுதலாகச் சுற்றிவிட்டு இரண்டையும் சமப்படுத்துவார்கள். எங்கள் முறையில் மூன்றாவது லைனர் குளிர்ந்த பசையின் நீரை முழுதாக வாங்குகிறது. இரண்டு பிளையோ ஏற்கெனவே சூட்டில் வாட்டப்பட்டு 5 வீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் உடனே ஒட்டினால் மட்டை மூன்றாவது லைனரின் பக்கம் குழிவதைத் தவிர்க்கவே முடியாது. ஆகவே இரண்டு பிளையைச் சற்று ஆறவிட்டு, அது காற்றிலிருந்து ஈரம் வாங்கி 7, 8-க்குத் திரும்பிய பின்னரே ஒட்டுகிறோம். மூன்றாவது லைனர் அதைவிட ஒன்றிரண்டு வீதம் காய்ந்ததாக இருந்தால் மிகவும் நல்லது. மாரியில் இரண்டு பிளையை இரவு முழுவதும் திறந்து வைத்தால் நெளி தளர்ந்துவிடும் என்பதால், ஆறியதும் மூடிவிடவேண்டும். ஈரமானி இல்லாமல் இந்த நேரத்தைக் கையால் தடவிப் பார்த்துத் தீர்மானிப்பது கடினம்.

பசையின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு சதுர மீற்றருக்கு 5 கிராம் உலர்ந்த மா போதுமென்று கொள்வோம். பசையில் திண்மம் 25 வீதமாக இருந்தால் அதோடு 15 கிராம் நீர் போகிறது. 15 வீதமாக இருந்தால் 28 கிராம் போகிறது. சதுர மீற்றருக்கு 150 கிராம் நிறையுள்ள (150 ஜி.எஸ்.எம்.) லைனருக்கு அந்த 28 கிராம் எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கணக்குப் பார்த்தாலே விளங்கும். பசை இறுகியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்குவது எல்லாப் பட்டறைகளிலும் உள்ள பழக்கம். அந்த ஒரு சொட்டுத்தான் பின்னேரம் வளைந்த மட்டையாக வெளியே வருகிறது. ஸ்டெயின் ஹால் நிறுவனத்தின் பெயரால் 1930கள் முதல் வழங்கிவரும் முறையில், மாவின் ஒரு பகுதியைக் கோஸ்டிக் சோடாவில் வேகவைத்து, மீதி மாவைத் தாங்கிச் செல்லும் கூழாகவும், மீதியைப் பச்சையாகவும் கலப்பார்கள். பச்சை மா ஒட்டும் இடத்தில் ஏறத்தாழ 60 பாகையைத் தாண்டிய பின்னர்தான் கூழாகும். அந்தப் பசை சூடு உள்ள நெளி இயந்திரத்துக்கே பொருந்தும். மூன்றாவது லைனரைச் சூடில்லாமல் ஒட்டும் இடத்தில் முழுதாக வெந்த பசையே வேண்டும்; அதில் திண்மத்தைக் கூட்டினால் மிகவும் தடித்துவிடும் என்பதால், பசை உருளைக்கும், மேலதிகப் பசையை வழித்தெடுக்கும் வழிப்பானுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்தே நீரைக் கட்டுப்படுத்துகிறோம். நெளியின் உச்சிகளில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை நின்றால் போதும். சரிவுகளில் வழிந்திருந்தால் அது வீண் நீர்.

ஈரமானி காட்டாத இன்னொரு காரணம் கையால் லைனர் வைக்கும் எங்களைப் போன்றோருக்கே உரியது. இரண்டு பிளையின் லைனர் ஓடிய திசையும் மூன்றாவது லைனரின் திசையும் ஒன்றாக இருக்கவேண்டும். சதுரத்துக்கு அண்மையான அளவுகளில், வெட்டிய தாளை யாராவது திருப்பி அடுக்கிவிட்டால், இரு பக்கமும் வெவ்வேறு திசையில் சுருங்கி மட்டை சேணம்போலத் தூக்கி நிற்கும். தாளில் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரக்கையால் தடவினால் அது குழாயாகச் சுருளும். குழாயின் நீளவாட்டம்தான் றீல் ஓடிய திசை. வெட்டிய கையோடு ஒரு மூலையில் பென்சிலால் அம்புக்குறி போடுவது இப்போது எங்கள் வழக்கம்.

அகச்சிவப்பு வெப்பமானியின் பயன் இதைவிடக் குறைவு. மினுங்கும் உருக்கு உருளையை நேராகக் குறிவைத்தால் உள்ள சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். உருளையைவிட்டு வெளிவரும் கடதாசியைக் குறிவைத்தால்தான் நம்பலாம். காஸ் சூடாக்கியில் ஓர் எரிமுனை அடைத்து ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்ததை அது காட்டிக்கொடுத்தது. விலைக்கு அது போதும்.

ஒட்டிய பின்னர் பாரம் வைக்கும் பழக்கத்தைப் பற்றி எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. பசை இயந்திரத்தில் நிற்கும் மூத்தவர், வளைந்த மட்டை ஒன்றைக் கண்மட்டத்துக்குத் தூக்கி ஓரத்தைப் பார்த்துவிட்டு, "பாரம் வைச்சால் நிமிரும்தானே தம்பி" என்றார். "நிமிரும் அண்ணை, ஆனால் எடுத்த கையோடை திரும்ப வளையுமே" என்றேன். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. பசை பிடிக்கும் வரையும், இரு லைனர்களின் ஈரமும் உள்ளேயே ஓரளவு பரவிச் சமப்படும் வரையும் அளவான பாரம் அவசியம். அந்த நேரத்தில் மட்டை தட்டையாகவே காயப் பழகுகிறது. முழுதாகக் காய்ந்து வளைந்த மட்டையின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நெளிதான் நசியும், பெட்டியின் தாங்குவலுதான் குறையும். ஐந்து மட்டைக்கு ஒருமுறை புரட்டிப் புரட்டி அடுக்குவது, சிறிய வளைவைத் தாங்கக்கூடியதாக்குகிறது.

காயவைக்கும் இடமும் கவனிக்கவேண்டியது. மழை விட்ட நாளில் மட்டையை முற்றத்து வெயிலில் பரப்பினால், மேற்பக்கம் முதலில் காய்ந்து பப்படம்போலச் சுருண்டுவிடுகிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் இதே தொல்லை வேறு வழியாக வரும். தென்மேற்கு வாசலைத் திறந்துவைத்தால் காற்றுப் படும் ஓரம் மட்டும் காய்ந்து இறுகும். அந்த மாதங்களில் அடுக்குகளைச் சுவரோரம் ஒதுக்கி, வாசலுக்கு நேரே சாக்குத் திரை கட்டுகிறோம். மின்விசிறி வைப்பதானால் இரு பக்கத்திலும் வைக்கவேண்டும்.

வாடிக்கையாளர் கேட்பதால் வரும் வளைவு தனி. வெளியே 150 ஜி.எஸ்.எம். கிராஃப்ட், உள்ளே விலைகுறைந்த 120 மீள்சுழற்சிக் கடதாசி என்று கேட்பவர்களுக்கு, பட்டறையில் தட்டையாக அனுப்பினாலும் அவர்களுடைய களஞ்சியத்தில் மழை தொடங்கியதும் பெட்டியின் மூடிகள் வளையும். இரு கடதாசிகளும் ஒரே ஈரத்துக்கு ஒரே அளவில் விரிவதில்லை. அப்படிக் கேட்டு வருவோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சிலர் உள்லைனரை மாற்றச் சம்மதிக்கிறார்கள், சிலர் விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள்.

ஈரமானியால் தீராதது மூலைக்கு மூலை முறுக்கும் வளைவு. அதற்குக் காரணம் பெரும்பாலும் றீல் தாங்கி நேராக இல்லாமை, ஒரு பக்கப் பிரேக் இழுத்துப் பிடித்தல், அல்லது கடதாசியின் நார் ஆலையிலேயே சாய்ந்து படிந்திருத்தல். முதல் இரண்டையும் மட்டக்கோலும் திருகுசாவியும் தீர்க்கும். மூன்றாவதுக்கு அந்த றீலைச் சிறிய பெட்டிகளுக்கு ஒதுக்குவதைத் தவிர வழி இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஊசியில்லாத, தகடு வைத்து அளக்கும் வகை பல மில்லிமீற்றர் ஆழத்துக்கு உணர்வதால் றீலின் பக்கத்தை அளக்க நல்லது. ஒற்றைத் தாள் அந்த ஆழத்துக்குப் போதாது, நெளிமட்டைக்குள் காற்று இருக்கிறது; ஆகவே இந்த இரண்டுக்கும் அது உதவாது. எங்களைப் போன்ற பட்டறைக்கு ஊசி வகையே போதும். ஊசி மழுங்கினால் எண் இறங்கும் என்பதால் மாற்று ஊசி கிடைக்கும் கருவியாகப் பார்த்து வாங்கவேண்டும். பசை உலர்ந்து ஊசியில் படிந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டபின் அளக்கவேண்டும். பற்றரி தளரும்போது எண் தடுமாறுவதைக் காட்டும் எச்சரிக்கை எங்கள் கருவியில் இல்லை. வேறு எதையும்விட அதுவே எனக்கு அதிகம் எரிச்சல் தந்த குறை. அதனால் காய்ந்த மரத்துண்டு ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி லாச்சியில் வைத்து, காலையில் முதலில் அதைக் குத்திப் பார்த்துவிட்டே லைனர் அடுக்குக்குப் போகிறோம்.