ஆசனத்தோடு சேரும் சூடு: வெந்நீர்ப் பையா, மின்பட்டையா, இலைக்கிழியா?

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், குமரி மாவட்டத்துக் குழித்துறைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் தரை சில்லிட்டே கிடக்கும். மண்டியிட்டு முன்னால் குனிந்து கிடக்கும் பாலாசனம், சுவரில் கால் சாய்த்துக் கிடக்கும் விபரீதகரணி, கடைசியில் அசையாமல் மல்லாந்து கிடக்கும் சவாசனம் என மாலையில் நான் செய்யும் மூன்றும் அந்த நாட்களில் இடுப்புக்குச் சூடு கிடைத்தால்தான் சுகம் தருகின்றன. சூடு பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் கூடி, தசை இறுக்கம் விட்டுக்கொடுக்கிறது. அறையையே 40 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி 26 ஆசனங்களை 90 நிமிடம் செய்யும் பிக்ரம் முறை உழைப்பைக் கேட்பது. ஓய்வு தேடுபவருக்கு அது பொருந்தாது.

சூடு வைக்க நான் பார்த்தவை வெந்நீர்ப் பை, மின்சாரத்தில் சூடேறும் மின்பட்டை, இலைக்கிழி ஆகிய மூன்று. இவற்றில் மணத்தாலும் இதத்தாலும் முதலிடம் இலைக்கிழிக்குத்தான். நொச்சி, எருக்கு, புளியிலை முதலியவற்றைத் தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒற்றுவார்கள். ஆனால் சில நிமிடங்களில் ஆறிவிடும் கிழியைத் திரும்பத் திரும்பச் சூடேற்ற இன்னொருவர் அடுப்படியில் நிற்க வேண்டும். வைத்தியசாலையில் 7 நாள் மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதன் மருத்துவப் பயனை அளந்து சொல்ல அது போதாது.

மின்பட்டையை ஒரு மழைக்காலம் பயன்படுத்தினேன். சீரான சூடு தருவது அதன் சிறப்பு. ஆயினும் காற்றில் ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் போய்விடும். விபரீதகரணியில் வயர் முதுகுக்கடியில் உறுத்தும். இவற்றைவிட, சவாசனத்தில் கண்ணயர்ந்துவிடுவோம் என்பதே என் அச்சம். 44 பாகைச் சூடுகூட ஒரே இடத்தில் சுமார் 6 மணி நேரம் நீடித்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். தானாக அணையும் வசதி இல்லாத பட்டையை வாங்கவே வேண்டாம். சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவர்களுக்கு மூன்றுமே ஆபத்துதான்.

நான் நிலைத்தது ரப்பர் வெந்நீர்ப் பையில். கொதிக்காத சூட்டில் முக்கால் பங்குக்கும் குறைவாக நீர் ஊற்றி, பையை மெல்லச் சாய்த்து, நீர் கழுத்துக்கு வரும்வரை காற்றை வெளியேற்றிய பின் மூடி திருக வேண்டும். காற்று உள்ளே தங்கினால் பை உப்பி, முதுகில் நிற்காமல் உருளும். பாலாசனத்தில் முதுகின் அடிப்பகுதி மேல் வைத்தால், சூட்டோடு அதன் கனமும் சேர்ந்து அமுக்குவதில் மூச்சு தானாக நீள்கிறது. அந்தக் கனம் பட்டைக்கு வராது. சூடும் படிப்படியாகத் தணிவதால், அயர்ந்தாலும் பயம் குறைவு.

ஆனால் இந்தப் பை நிலைப்பதும் கெடுவதும் பராமரிப்பில் இருக்கிறது. எங்கள் பக்கம் முதுகில் குழம்பு எனப்படும் மருந்தெண்ணெயோ தைலமோ தேய்த்த பிறகுதான் சூடு வைப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். ஓராண்டுக்குள் பையின் ஓரம் பிசுபிசுத்து, ஒரு நாள் சவாசனத்தின் நடுவே கழுத்தோரம் கசிந்து பாயை நனைத்தது. நல்ல வேளை, நீர் ஆறியிருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் அத்தான் அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் பட்டா ரப்பர் வாழாது" என்றார். எண்ணெயை உறிஞ்சும் இயற்கை ரப்பர் ஊதி வலுவிழக்கிறது. இப்போது எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்து, இரண்டாக மடித்த துவர்த்தில் (துண்டில்) பையைச் சுற்றியே வைக்கிறேன். துவர்த்தை அன்றன்றே சோப்பிட்டு அலசுகிறேன். பையை வடித்து, மூடியைத் திறந்து, வெயில் படாத கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். உள்ளே ஈரம் தங்கினால் நாற்றம் வரும்.

எண்ணெய் படாத பைக்கும் ஆயுள் உண்டு. பல பைகளில் பூப்போன்ற முத்திரை இருக்கும். நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டு, இதழ்கள் மாதம். வாங்கிய நாளை நம்பாமல் அதைப் பார்த்து, 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பாதுகாப்பு. என் பையின் பூவில் 24 என்று இருக்கிறது. அடுத்த இடவப்பாதிக்கு முன் புதியது வாங்கிவிட வேண்டும்.