நாலு வருஷமாக வம்சாவளி மென்பொருள்: ஒரு சிலோன்கார வீட்டுப் பேரனின் அனுபவம்

நீலகிரிப் பந்தலூரில் ஜூன், ஜூலை மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. 2021-ல் அப்படி ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அப்பாயியின் ஃபேமிலி கார்டில் (சிலோனிலிருந்து திரும்பியபோது கொடுத்த குடும்ப ஆவணம்) பூஞ்சணம். தாயகம் திரும்பியவர்கள் வீட்டில் ரேஷன் கார்டை விடப் பத்திரமாக வைத்திருப்பது அதைத்தான். அன்றைக்கே போனில் படம் எடுத்துவைத்துவிட்டு, ஒரு வம்சாவளித் தளத்தில் கணக்கும் தொடங்கினேன்.

அந்தத் தளத்தின் பெயர் வேண்டாம். முதலில் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே? அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால் தாத்தா ஒரு குடும்பம், அப்பா ஒரு குடும்பம், நான் ஒரு குடும்பம் என்று பிரித்துவிட்டு, உலகத்தில் உள்ள ராமசாமிகளை எல்லாம் ‘இவர் உங்கள் உறவினரா?’ என்று தினமும் மெயில் அனுப்பியது. அதைவிடக் கூத்து, சின்னத் தாத்தா சொந்த அக்கா மகளைக் கட்டியவர், அதைப் பதிந்ததும் தவறாக இருக்கலாம் என்று எச்சரிக்கை. தவறெல்லாம் இல்லை, முறைதான் என்று அதற்கு யார் சொல்வது! ஒரு அளவுக்கு மேல் ஆள் சேர்க்கப் பணம் வேறு. கெட்காம் கோப்பாக (வம்சாவளி மென்பொருள்களுக்கிடையே தகவலை மாற்றும் பொது வடிவம்) இறக்கினால் தமிழ்ப் பெயர்கள் பாதி கேள்விக்குறியாக வந்தன, உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

இரண்டாம் வருஷம் கிராம்ப்ஸ் (Gramps) என்ற வம்சாவளி மென்பொருளுக்கு மாறினேன், இன்று வரை அதுதான். இலவசம், கணினியிலேயே ஓடும், இணையம் வேண்டாம் (எங்கள் பக்கம் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்கு இதுவே பெரிய விஷயம்). பழக ஒரு மாதம் ஆனது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது தேதி போடும் விதம். ‘சுமாராக’, ‘இதற்கு முன்’, ‘இதற்குப் பின்’ என்றெல்லாம் போடலாம். அப்பாயிக்கு வருஷம் ஒன்றும் தெரியாது, ஆனால் பூட்டன் கடைசியாக ஊருக்குப் போனது தனுஷ்கோடி வழி என்று அடித்துச் சொன்னது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது, அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான். ஆக ‘1964 டிசம்பருக்கு முன்’ என்று போட்டேன். நாங்கள் திரும்பியது தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் இங்கே டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு.

சிலோனும் இந்தியாவும் 1964 அக்டோபரில் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், சிலோனில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு அங்கேயே பிரஜாவுரிமை என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் தாத்தா முதல் கணக்கில், அவர் தங்கை இரண்டாவது கணக்கில். மரத்தில் அந்தக் கிளையை நிரப்ப ஹட்டனில் இருக்கும் அத்தை மகனை வாட்ஸ்அப்பில் பிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. அவன் சொல்லும் தோட்டப் பெயரும் கார்டில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் ஒத்தே வராது. நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறு, தோட்டத் துரை வைத்த பெயர் வேறு. இரண்டையும் பதிந்துவைப்பது நல்லது.

நடுவில் மச்சான் ஒருவன் டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் அனுப்பினான். தென்னிந்தியன் என்று முடிவு வந்தது. சேரம்பாடி டீக்கடையில் கேட்டிருந்தால் காசில்லாமல் சொல்லியிருப்பார்கள்.

பூட்டனுக்கு மேலே எந்த மென்பொருளும் ஒரு பெயர் கூடத் தரவில்லை. தந்தது குலதெய்வக் கோயில்தான். துறையூர்ப் பக்கம் என்பது மட்டும் அப்பாயி வாயில் இருந்தது, சாமி பெயரைச் சொல்லி மூன்று ஊர் விசாரித்து, போன மாசி சிவராத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பூசாரி வீட்டில் தலைக்கட்டு வரி நோட்டு இருந்தது, பழையதைப் பார்த்துப் பிரதி எடுத்தது என்றார். பூட்டன் பெயர், அவர் அப்பா பெயர், பங்காளிகள் பதினோரு பேர். பூட்டன் பெயருக்கு நேரே வரிக் கட்டத்தில் தொகை இல்லை, ‘கண்டி’ என்று மட்டும் எழுதியிருந்தது, சிலோன் போய்விட்டார் என்று அர்த்தம். (வம்சாவளி என்றதும் ஜாதிப் பெருமை பேச ஒரு கூட்டம் வரும், அவர்கள் இந்த வரிப் பாக்கியையும் சேர்த்துப் பேசினால் தேவலை.) இந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுத் தலைக்கட்டும் நோட்டில் ஏறிவிட்டது, ஐந்நூறு ரூபாய்.

அந்த நோட்டில் பெண்கள் பெயர் ஒன்று கூட இல்லை. பூட்டி பெயரை அப்பாயியிடம் நான்கு முறை கேட்டேன், ‘ஆத்தான்னுதான் கூப்பிடுவோம்’ என்றது. போன ஐப்பசியில் அப்பாயியும் போய்விட்டது. கிராம்ப்ஸில் அந்தப் பெட்டியில் இப்போதைக்கு ‘ஆத்தா’ என்றே போட்டிருக்கிறேன்.