கிருஷ்ணகிரி பி.எஃப். முகாமில் அப்பாவின் பழைய கணக்குகளைத் தேடியபோது

காவேரிப்பட்டணம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய் வந்த தலைமுறையில், ஒரே கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருந்தவர்கள் குறைவு. என் அப்பாவும் அப்படித்தான். 2002 ஜூன் முதல் 2006 டிசம்பர் வரை ஓசூரில் ஒரு உதிரிபாகப் பட்டறையிலும், 2008 மார்ச் முதல் 2011 ஆகஸ்ட் வரை பெங்களூரில் வேறொரு தொழிற்சாலையிலும் இருந்துவிட்டு, 2019 ஏப்ரலில் மீண்டும் ஓசூரில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு 58 வயது நிறைகிறது. முதல் இரண்டு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குகளும், கம்பெனி மாறினாலும் மாறாத 12 இலக்க யு.ஏ.என். எண் நடைமுறைக்கு வந்த 2014-க்கு முந்தையவை என்பதால், கைப்பேசியில் பாஸ்புக்கைத் திறந்தால் இப்போதைய கணக்கு மட்டுமே தெரிந்தது. மற்ற இரண்டையும் தேடி ஒன்றாக்குவதற்காக, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் நடத்தும் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாமையும், அதன் இணையவழிக் கணக்கு மாற்றச் சேவையையும் பயன்படுத்தினோம். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முகாமுக்குப் போவதற்கு முன்பு எங்களிடம் இருந்த ஆதாரம், டிரங்குப் பெட்டியில் பழைய ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு வருடாந்திரக் கணக்குச் சீட்டும், பெங்களூர்க் கம்பெனியின் இரண்டு சம்பளச் சீட்டுகளும்தான். கணக்குச் சீட்டின் மடிப்பில் மை அழிந்து, எண்ணின் கடைசி இலக்கம் 3 என்றும் 8 என்றும் படிக்கும்படி இருந்தது. முகவரியில் ஓசூர், தருமபுரி மாவட்டம் என்று அச்சாகியிருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில் என்பதை அந்தச் சீட்டுதான் எனக்கு நினைவூட்டியது. பழைய பி.எஃப். எண் என்பது மாநிலம், அலுவலகம், நிறுவனம், உறுப்பினர் என்ற வரிசையில் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒன்றாகும். நிறுவன எண் மட்டும் தெளிவாக இருந்தால்கூடத் தேடலைத் தொடங்கிவிடலாம். நிறுவனத்தின் பெயரை வைத்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி வைப்பு நிதி இணையதளத்திலேயே இருக்கிறது.

முகாமில் எங்கள் முறை வந்ததும் அலுவலர் அப்பாவிடம் முதலில் கேட்டது தொகையைப் பற்றி அல்ல. “இந்த ரெண்டு கம்பெனியில இருந்து வந்தப்போ பென்ஷன் பணத்தை எடுத்துட்டீங்களாய்யா?” என்று கேட்டார். அப்பா எடுக்கவில்லை என்றதும், “அப்படின்னா உங்க சர்வீஸ் அப்படியே இருக்குது” என்றார். நாங்கள் அதுவரை தேடிக்கொண்டிருந்தது பழைய இருப்புத் தொகையைத்தான்; உண்மையில் தேட வேண்டியது அந்த இரண்டு வேலைகளிலும் கழிந்த எட்டு வருடங்களை என்பது அப்போதுதான் புரிந்தது. வைப்பு நிதியோடு இணைந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணிக்காலம் தேவை. இப்போதைய வேலையை மட்டும் கணக்கிட்டால் அப்பாவுக்கு 58 வயதில் ஏழு ஆண்டுகளே வரும். கையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். மூன்றையும் சேர்த்தால் 15 ஆண்டுகள். ஓய்வூதியச் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய், அதன் பிறகு 15,000 ரூபாய். அந்த வரம்பிலேயே சம்பளம் இருந்ததாகக் கொண்டால், 6,500-ஐ 8-ஆலும் 15,000-ஐ 7-ஆலும் பெருக்கிக் கூட்டி 70-ஆல் வகுக்க, மாதம் சுமார் 2,243 ரூபாய் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். வேலை மாறும்போதெல்லாம் படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறவர்கள் இழப்பது இந்த வருடங்களைத்தான் என்பதை ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது பெயர்த் திருத்தம். ஆதாரில் அப்பாவின் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் முன்னால் போட்டதோடு பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பட்டறை மூடப்பட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டதால் கையெழுத்துப் போட அங்கே ஆளில்லை. இப்படிப்பட்ட நிலையில், வழக்கமாக உறுப்பினரும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தை அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் போன்றோரின் சான்றொப்பத்துடன் கொடுக்கலாம் என்பதை முகாமில் தெளிவாகச் சொல்லி, படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்கள். பெயர் சரியான பிறகு, உறுப்பினர் தளத்தில் ‘ஒன் மெம்பர் ஒன் இ.பி.எஃப். அக்கவுன்ட்’ என்ற பகுதியில் பழைய எண்ணை உள்ளிட்டு, இப்போதைய கம்பெனியின் ஒப்புதலைத் தேர்ந்தெடுத்து, ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைப் பதிந்தோம். ஓசூர்க் கணக்கு ஐந்து வாரங்களிலும், பெங்களூர்க் கணக்கு அதற்கு முன்பே மூன்று வாரங்களிலும் வந்து சேர்ந்தன.

இந்தச் சேவைக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. முகாமுக்குப் போவதற்கு முந்தைய வாரம் ஒரு தரகர் வருகிற தொகையில் பத்தில் ஒரு பங்கும் அப்பாவின் ஓ.டி.பி.யும் கேட்டார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குறை என்று சொல்ல வேண்டுமானால், உறுப்பினர் தளம் ஆங்கிலத்தில் இருப்பதுதான்; பக்கத்தில் நான் உட்காராமல் அப்பாவால் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. 2017 அக்டோபர் முதல் யு.ஏ.என். பெற்றவர்களுக்கு 2025 ஜனவரி முதல் பெரும்பாலான மாற்றங்களில் கம்பெனியின் ஒப்புதலே தேவையில்லை என்றாகிவிட்டது. அப்பாவைப் போல அதற்கு முன்பு வேலை பார்த்தவர்களுக்கோ காகிதமும் கையெழுத்தும் இன்னும் வேண்டியிருக்கின்றன. அவர்களுக்குத்தான் உதவியும் அதிகம் தேவைப்படுகிறது.

பணம் வந்து சேர்ந்த நாளில் பாஸ்புக்கைத் திறந்த அப்பா, ஓய்வூதியப் பத்தியில் பூஜ்யத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். கணக்கு மாறும்போது வைப்பு நிதித் தொகை மட்டுமே பாஸ்புக்கில் ஏறும். ஓய்வூதியத்தில் மாறுவது பணிக்காலம்தான், அது அனெக்ஸர் கே என்ற தாளில் பதிவாகும். எனவே பூஜ்யத்தைக் கண்டு பயப்படாமல் அந்தத் தாளை வாங்கி, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெங்களூர்க் கணக்கின் தாளில் தேதிகள் சரியாக இருந்தன. ஓசூர்க் கணக்கின் தாள் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. அதைக் கேட்டு வாங்குவதற்காக அடுத்த 27-ஆம் தேதியும் அப்பாவை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போகிறேன்.